விம்பிள்டன்: டென்னிஸ் இல்லாத 50 வாரங்கள்

செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழ். பாதிப் பேர் விம்பிள்டன் பக்கம் அறை பிடித்திருக்கிறார்கள். ஆகவே பதில்களும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

கேள்வி: விம்பிள்டனில் அறை கிடைத்திருக்கிறது. டென்னிஸ் முடிந்துவிட்டால் அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?
– மாணவி, கோவை

பதில்: டென்னிஸ் இரண்டே வாரம். மீதி 50 வாரமும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் திறந்த வெளி, 1817-இல் கட்டிய காற்றாலை, பிள்ளையார் கோயில், தாய்லாந்து புத்தர் கோயில் எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. நேரமும் நல்ல கால்களும் போதும்.

கேள்வி: லண்டனை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியுமா?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: பத்து இடங்களின் வாசலைப் பார்க்க ஒரு நாள் போதும். ஓர் இடத்துக்குள் போய்ப் பார்க்கவே ஒரு நாள் வேண்டும். உங்களிடம் ஒரு வருடம் இருக்கும்போது அவசரம் எதற்கு?

கேள்வி: விம்பிள்டன் டென்னிஸ் டிக்கெட் மாணவர்களுக்கு எட்டுமா?
– எம்.பி.ஏ. மாணவர், சேலம்

பதில்: எட்டும், வரிசையில் நின்றால். சென்டர் கோர்ட், 1-ஆம் கோர்ட், 2-ஆம் கோர்ட் ஒவ்வொன்றுக்கும் தினமும் 500 டிக்கெட் அளவுக்கு அன்றைய வரிசைக்காரர்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள். கடைசி நான்கு நாட்களுக்கு மட்டும் சென்டர் கோர்ட் டிக்கெட் வரிசையில் கிடைக்காது. உள்ளே நுழைந்து சின்னக் கோர்ட்டுகளைச் சுற்றிப் பார்க்கும் டிக்கெட் ஆயிரக்கணக்கில் உண்டு.

வரிசை நிற்கும் இடம் விம்பிள்டன் பார்க். இறங்க வேண்டியது விம்பிள்டன் ஸ்டேஷனில் அல்ல, சவுத்ஃபீல்ட்ஸில். பெரிய கோர்ட் வேண்டும் என்பவர்கள் முதல் நாள் இரவே இருவர் படுக்கும் கூடாரத்தோடு வந்துவிடுகிறார்கள். வந்ததும் எண் போட்ட சீட்டு தருவார்கள். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலையும் நடக்காது. ஆளுக்கு ஒரு டிக்கெட், அவ்வளவுதான். உள்ளே போன பிறகும் ஒரு வாய்ப்பு இருக்கிறது: சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் இருக்கைகளை மாலையில் குறைந்த விலைக்கு மறுபடி விற்கிறார்கள். அந்தப் பணம் தொண்டுக்குப் போகிறது. அதுவும் கிடைக்காவிட்டால் ஹென்மன் ஹில் புல்சரிவில் உட்கார்ந்து பெரிய திரையில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஜூன் கடைசியும் ஜூலைத் தொடக்கமும் முதுகலை மாணவர்களுக்கு டிசர்டேஷன் எழுதும் காலம். ஒரு நாள் வரிசைக்குக் கொடுங்கள், இரண்டு வாரத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அங்கே ஸ்ட்ராபெர்ரியும் க்ரீமும் சொத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டுமாமே?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: 2010 முதல் 2024 வரை ஒரு கிண்ணம் 2.50 பவுண்டு. ஒரு பைசா ஏற்றவில்லை. 2025-இல் 2.70 ஆக்கினார்கள், அதுவே பெரிய செய்தியாயிற்று. விம்பிள்டனுக்குள் மாணவர் பர்ஸுக்குப் பொருந்தும் பொருள் அதுதான். தயங்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தப் புல்தரையில் நம் ஊர்க்காரர் யாராவது பெயர் வாங்கியிருக்கிறார்களா?
– டென்னிஸ் ரசிகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊரில் பிறந்தவர்தான்! ராமநாதன் கிருஷ்ணன், அப்பாவிடமே ஆட்டம் கற்றவர், 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். பெரியவர்கள் பிரிவில் 1960-இலும் 1961-இலும் அரையிறுதி வரை போனார். முதல் முறை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியவர்கள் அவர்களேதான். 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். சென்னை விஜய் அமிர்தராஜ் 1973-இலும் 1981-இலும் காலிறுதிக்கு வந்தார். சர்ச் ரோட்டில் 1922 முதல் இருப்பது அதே மைதானம்தான். அதன் வாசலில் நிற்கும்போது இந்த மூன்று பெயர்களும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: என் மகன் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. விம்பிள்டனில் என்ன செய்வான்?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: கவலையே வேண்டாம் அம்மா. எஃப்ரா ரோட்டில் ஸ்ரீ கணபதி கோயில் இருக்கிறது. 1981 முதல் வழிபாடு நடக்கிறது. ஈழத் தமிழர்கள் முன்னின்று எழுப்பிய கோயில் அது. கோடையில் தேரும் ஓடும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது விசாரிக்க நாலு பெரியவர்கள் இருப்பார்கள். முதல் மாதத் தனிமைக்கு அதைவிட மருந்து இல்லை.

கேள்வி: விம்பிள்டனில் புத்தர் கோயிலா?
– ஓவியக் கல்லூரி மாணவர், சென்னை

பதில்: ஆம், நீங்கள் அவசியம் போக வேண்டியது. கலோன் ரோட்டில் இருக்கும் புத்தபதீப கோயில்தான் பிரிட்டனில் எழுந்த முதல் தாய்லாந்து புத்தர் கோயில். 1980-களில் தாய்லாந்தின் இளம் ஓவியர்கள் அங்கே தங்கி, பல ஆண்டுகள் உழைத்து, உட்சுவர் முழுவதும் புத்தர் வாழ்க்கையை வரைந்தார்கள். சுவரை உற்றுப் பாருங்கள், மார்கரெட் தாட்சர் முகம் தென்படும். தங்கள் காலத்து மனிதர்களைப் புராணக் கூட்டத்துக்குள் நிறுத்தும் துணிச்சல் அந்த ஓவியர்களுக்கு இருந்தது. அவர்களில் ஒருவரான சலெம்சாய் கோசித்பிபத் பின்னாளில் சியாங்ராயில் புகழ்பெற்ற வெள்ளைக் கோயிலைக் கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல், வேண்டிய நேரம் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: லண்டன் நில விலைக்கு ஆயிரம் ஏக்கர் சும்மா கிடக்கிறதா? யாரும் மனை போடவில்லையா?
– மனை வணிகர், சென்னை

பதில்: போடப் பார்த்தார்கள். 1864-இல் அந்த நிலத்தின் மேனர் என்ற நிலக்கிழார் உரிமை கொண்ட ஏர்ல் ஸ்பென்சர், ஒரு பகுதியை விற்றுவிட்டு மீதியை வேலியடைக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். ஆடு மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, நடந்து பழகிய ஊர்மக்களின் உரிமை என்னாவது என்று எதிர்ப்பு கிளம்பியது. ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 1871-இல் விம்பிள்டன், பட்னி பொதுநிலச் சட்டம் வந்தது. அன்று முதல் அந்த நிலத்தைப் பராமரிக்கத் தனி நிர்வாகக் குழு இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதற்கென்று இன்றும் வரி கட்டுகிறார்கள். பட்னி ஹீத்தையும் சேர்த்தால் சுமார் 1,140 ஏக்கர்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் கண்ணெதிரே சுருங்கியதைப் பார்த்த ஊர் நம்முடையது. பொது நிலம் தானாகத் தப்புவதில்லை, யாராவது சண்டை போட்டுக் காப்பாற்ற வேண்டும் என்பதை அங்கே நடக்கும் ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொண்டு வரட்டும்.

கேள்வி: நான் தனியாகச் சுற்றிப் பார்க்கலாமா? பயமாக இருக்கிறது.
– மாணவி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக. பகலில் அந்தப் பொதுநிலத்தில் நாயோடு நடப்பவர்கள், ஓடுபவர்கள், குதிரையில் வருபவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் மரங்களுக்கு நடுவே போகும் பாதைகளில் விளக்கு கிடையாது. இருட்டுமுன் சாலைக்கு வந்துவிடுங்கள். போகும் இடத்தை ஒரு தோழிக்குச் சொல்லிவையுங்கள். இரவு தாமதமானால் ஒரு விஷயம் உதவும்: டிஸ்ட்ரிக்ட் லைனில் விடிய விடிய ரயில் கிடையாது, ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் லைன் சவுத் விம்பிள்டன் வழியாக ஓடும். ஆபத்தென்றால் 999. பயத்தை எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டால் போதும், அதைக் காரணமாக்கி அறைக்குள் முடங்க வேண்டாம்.

கேள்வி: காசில்லாமல் பார்க்கக்கூடிய மியூசியம் எது?
– வரலாறு மாணவர், மதுரை

பதில்: பெரியவை எல்லாமே! பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், அறிவியல் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. கடைசி மூன்றும் சவுத் கென்சிங்டன் ஸ்டேஷன் பக்கம், அடுத்தடுத்து இருக்கின்றன.

வரலாறு மாணவர் என்பதால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கிளம்புமுன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிடுங்கள். பிறகு பிரிட்டிஷ் மியூசியம் 33ஏ அறைக்குப் போங்கள். அங்கே இருப்பதும் அதே அமராவதி ஸ்தூபியின் கற்கள்தான், 120-க்கும் மேல். கிருஷ்ணா நதிக்கரையில் 1845-இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். அவற்றில் பெரும் பகுதி 1859-இல் கப்பலேறியது. ஒரே ஸ்தூபியின் ஒரு பகுதியைச் சென்னையிலும் இன்னொரு பகுதியை லண்டனிலும் பார்க்கிறவருக்கு, அது ஏன் இரண்டானது என்ற கேள்வி தானே எழும். பாடப்புத்தகம் அந்தக் கேள்வியை இவ்வளவு அழுத்தமாக எழுப்பாது.

கேள்வி: விம்பிள்டனுக்குப் பக்கத்தில் கணித மாணவர் பார்க்க ஏதாவது?
– பி.எஸ்சி. கணித மாணவி, கும்பகோணம்

பதில்: டிஸ்ட்ரிக்ட் லைனில் மூன்றாவது நிறுத்தம் ஈஸ்ட் பட்னி. அங்கே இறங்கிக் காலினெட் ரோடு வரை நடந்துவிடுங்கள். உங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜன் நோயுற்றுக் கிடந்த மருத்துவ இல்லம் அந்தத் தெருவில்தான் இருந்தது. பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் ஏறி வந்த டாக்ஸியின் எண் 1729 சுவாரசியமில்லாதது என்றார். படுக்கையில் கிடந்தவர் உடனே மறுத்தார்: இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது. 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தாலும் 1729, 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனது 1918-இல், ஊர் திரும்பியது 1919-இல், மறைந்தது 1920-இல், 32 வயதில். இப்போது அந்தத் தெரு வீடுகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. கதவைத் தட்டாமல், நடைபாதையில் நின்று அந்தக் கூட்டலை மனதில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முன்பு லண்டனில் படித்த நம்மவர்கள் ஊர் சுற்றினார்களா?
– சட்ட மாணவர், திருநெல்வேலி

பதில்: 1888-இல் சட்டம் படிக்கப் போன காந்தி, வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க நடந்தே சுற்றினார், தினமும் எட்டு முதல் பத்து மைல். உடம்பு நோயில்லாமல் இருந்ததே அந்த நடையால்தான் என்று சுயசரிதையில் எழுதுகிறார். அவர் தங்கிய வீடு 20, பேரன்ஸ் கோர்ட் ரோடு. சுவரில் நீலப் பலகை இருக்கிறது.

சவுத் விம்பிள்டனில் நார்தர்ன் லைன் ஏறினால் இன்னும் இரண்டு பேரைச் சந்திக்கலாம். சாக் ஃபார்ம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 10, கிங் ஹென்றீஸ் ரோடு: 1921-22-இல் அம்பேத்கர் தங்கிய வீடு, இப்போது நினைவில்லம். ஹைகேட்டில் 65, குரோம்வெல் அவென்யூ: அன்று இந்திய மாணவர் விடுதியாக இருந்த இந்தியா ஹவுஸ். பாரிஸ்டர் படிப்புக்குப் போன திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர் அங்கேதான் புரட்சிக்காரரானார். 1910-இல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது இப்போது தனியார் வீடு, வெளியிலிருந்து பாருங்கள். அப்படியே ஹைகேட் முருகனையும் தரிசித்துத் திரும்புங்கள்.

கேள்வி: விம்பிள்டனில் படித்த வெளிநாட்டு மாணவர்களில் புகழ்பெற்றவர் யார்?
– தத்துவ மாணவி, புதுச்சேரி

பதில்: ஜெர்மானியத் தத்துவ மேதை ஷோபன்ஹவர். கல்லூரிப் படிப்பா, வணிகம் பழகச் சம்மதித்து ஐரோப்பியப் பயணமா என்று அப்பா கேட்டபோது, பயணத்தைத் தேர்ந்தெடுத்த பையன்! 1803-இல், 15 வயதில், விம்பிள்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஈகிள் ஹவுஸில் நடந்த பள்ளியில் அவரை விட்டுவிட்டுப் பெற்றோர் ஸ்காட்லாந்து போனார்கள். மூன்று மாதப் பள்ளி வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆங்கிலம் மட்டும் வந்தது. பின்னாளில் உபநிடதங்களை லத்தீன் மொழிபெயர்ப்பில் படித்து உருகியவர் அவர். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

கேள்வி: டெக்ஸ்டைல் டிசைன் படிக்கப் போகிறேன். எங்கே தொடங்க?
– மாணவர், திருப்பூர்

பதில்: வாண்டில் ஆற்றங்கரையில். காலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மெர்ட்டன் அபே மில்ஸ். 1881-இல் டிசைனர் வில்லியம் மாரிஸ் தன் சாயப்பட்டறையை இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது இந்த ஆற்றுத் தண்ணீருக்காக. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் முக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் நிறத்தை வெளுக்கவைத்துப் பிற வண்ணம் ஏற்றும் முறையை இங்கே கைவரப்படுத்தினார். 1883-இல் வந்த அவருடைய ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ துணியை விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பார்க்கலாம்.

ஆலைகளால் சாக்கடையாகிப்போன வாண்டில், பல பத்தாண்டு முயற்சியில் மீண்டு, இன்று மீன் வாழும் ஆறாக இருக்கிறது. நொய்யலுக்காக 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரிலிருந்து போகிறீர்கள். டிசைனோடு, அந்த ஆற்றை எப்படி மீட்டார்கள் என்பதையும் படித்துவிட்டு வாருங்கள். திருப்பூருக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி: போக்குவரத்துச் செலவைக் குறைப்பது எப்படி?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: பஸ்! முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் ஒரே கட்டணம். ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஒரே கார்டையே தொட வேண்டும். ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு வாங்கி ஆய்ஸ்டர் கார்டோடு இணைத்தால், கூட்டமில்லா நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். முழுநேர மாணவர் என்றால் 25 வயதைத் தாண்டியவர்களுக்கும் அந்தக் கார்டு உண்டு. தினமும் ரயிலில் கல்லூரி போகிறவர்களுக்கு மாணவர் ஆய்ஸ்டர் நல்லது: வார, மாத டிராவல்கார்டில் 30 சதவீதத் தள்ளுபடி.

கேள்வி: தோசை கிடைக்குமா சார்?
– மாணவர், விருதுநகர்

பதில்: விம்பிள்டனில் 57-ஆம் எண் பஸ் ஏறி டூட்டிங் பிராட்வேயில் இறங்குங்கள். தோசை, இடியாப்பம், கொத்து ரொட்டி, முருங்கைக்காய் எல்லாம் ஒரே தெருவில். அங்கே கடை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் பலர் 1983-க்குப் பிறகு ஊரையும் வீட்டையும் இழந்து இலங்கையிலிருந்து வந்தவர்கள். சாப்பாட்டோடு அவர்கள் கதையையும் பொறுமையாகக் கேளுங்கள்.

கேள்வி: டிக்கெட் இல்லாமல் பார்க்கக்கூடிய விளையாட்டு?
– மாணவர், தூத்துக்குடி

பதில்: வசந்த காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி. தேம்ஸில் பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். கரையில் யாரும் நிற்கலாம். விம்பிள்டனிலிருந்து 93-ஆம் எண் பஸ் நேரே பட்னிக்குப் போகும்.

கேள்வி: பிரிட்டன் மாணவர் விசாவை வைத்து வார இறுதியில் பாரிஸ் போய்வரலாமா?
– மாணவி, வேலூர்

பதில்: முடியாது. ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். ரயில் ஏறும் லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று லண்டனைச் சுற்றிப் பார்க்கத் திட்டம். எப்படி?
– மாணவர், நாகப்பட்டினம்

பதில்: நடந்துதான்! டிசம்பர் 25 அன்று ரயில், டியூப், பஸ் எதுவும் ஓடாது. கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் நாளே மளிகை வாங்கிவையுங்கள். காலையில் நண்பர்களோடு பொதுநிலத்தில் நடந்து, காற்றாலை வரை போய்வாருங்கள். பேடன் பவல் சாரணர் இயக்க நூலின் பகுதிகளை எழுதியது அந்த ஆலை வீட்டில்தான். மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் அறைக்குத் திரும்பிச் சமையலைத் தொடங்குங்கள், தனியாக இருக்கும் இன்னொரு மாணவரையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: கடன் வாங்கி அனுப்புகிறேன். படிக்கப் போன பிள்ளை ஊர் சுற்றுவது நியாயமா?
– ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: உங்கள் கவலை நியாயமானது ஐயா. வகுப்புக்குப் போகாவிட்டால் விசாவே ஆபத்து. பட்டப்படிப்பு மாணவர் என்றாலும் கல்லூரி நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. இவை இரண்டும் முதலில். ஆனால் இவை போக வாரத்தில் ஓர் அரை நாள் மிஞ்சும். அந்த அரை நாளைக் கைப்பேசிக்குக் கொடுப்பதா, அமராவதிக் கல்லுக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. நம் ஊர்க் கல் இங்கே எப்படி வந்தது, அவர்கள் ஊர்ப் பொதுநிலம் எப்படிப் பிழைத்தது, செத்த ஆறு எப்படி மீண்டது என்று கேட்டுப் பழகுகிற பிள்ளை, நீங்கள் கட்டும் கட்டணத்துக்குள் வராத ஒரு படிப்பையும் சேர்த்துப் படிக்கிறான். அந்த அரை நாளை அவனுக்கு மனதார அனுமதியுங்கள்.

கேள்வி: சரி, முதல் சனிக்கிழமை எங்கே போகட்டும்?
– கோவை மாணவியேதான்

பதில்: காலை 10 மணிக்கு விம்பிள்டன் ஸ்டேஷன் வாசலில் 93-ஆம் எண் பஸ். மேடேறியதும் வில்லேஜில் இறங்கி ஈகிள் ஹவுஸ். மறுபடி 93. பார்க்சைடில் இறங்கிப் புத்தர் கோயில். சாலையைக் கடந்து பொதுநிலத்துக்குள் நடந்தால் காற்றாலை. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கே சாப்பிடுங்கள். மறுபடி 93 பிடித்துப் பட்னி, காலினெட் ரோடு, தேம்ஸ் கரை. திரும்ப ஈஸ்ட் பட்னியில் டிஸ்ட்ரிக்ட் லைன். நல்ல ஷூவும் மழைக்கோட்டும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு எங்கே என்று என்னைக் கேட்க மாட்டீர்கள், நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.